சட்டமறுப்பு: ஞாயிறு வட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் சின்ன வாசிப்பு வட்டம் எங்களுடையது. கல்லூரிப் பிள்ளைகள், தேவனாம்பட்டினத்து மீனவர்கள், ஓய்வுபெற்ற ஊழியர்கள், பாண்டியிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள் என்று கலவையான கூட்டம். சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி எது படித்தாலும் பேச்சு கடைசியில் சட்டமறுப்பில்தான் வந்து நிற்கும், கேள்விகளும் அதே கேள்விகளாக இருக்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லி வந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சார், ஆர்ப்பாட்டம், மறியல், சட்டமறுப்பு எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. அனுமதி வாங்கி, போலீஸ் காட்டிய இடத்தில் நின்று கோஷம் போட்டுவிட்டுக் கலைந்தால் அது ஆர்ப்பாட்டம். அதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவதை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவே உரிமையாகத் தந்திருக்கிறது. சட்டமறுப்பு வேறு. ஒரு சட்டமோ உத்தரவோ அநியாயம் என்று சொல்லி, நாலு பேர் பார்க்க அதை மீறி, அதற்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்வது. மறியல் பெரும்பாலும் இந்த வகையில் வரும்.

வரி ஏய்ப்பவரும் சட்டத்தை மீறுகிறார்தான். ஆனால் அவர் கணக்கை ஒளித்து வைக்கிறார். சட்டமறுப்பில் இறங்கியவர் "நான்தான் செய்தேன், பேரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று முன்னால் வந்து நிற்கிறார். மறைக்காமல் மீறுவது, யாரையும் அடிக்காமல் மீறுவது, தண்டனைக்கு ஓடி ஒளியாமல் இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். கீழே வரும் பதில்களிலும் இதையே சொல்லிக்கொண்டிருப்பேன்.

"ஒத்துழையாமைன்னு பாடத்துல வருதே, அது?"

அரசுக்குக் கைகொடுக்க மாட்டேன் என்பது ஒத்துழையாமை. பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது, அரசுப் பள்ளியை விட்டு வருவது, அந்நியத் துணியை ஒதுக்குவது எல்லாம் அதில் சேரும். இவற்றில் பல, சட்டப்படி குற்றமே இல்லை. சட்டமறுப்பு அதைவிட ஒரு படி மேலே போய் குற்றம் என்று எழுதி வைத்திருப்பதையே செய்வது.

"இது காந்தி கண்டுபிடிச்சதுதானே?"

அவருக்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் அடிமை முறைக்கும் மெக்சிகோ போருக்கும் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846இல் ஒரு ராத்திரி சிறையில் இருந்தார் தோரோ என்ற எழுத்தாளர். நம் பக்கத்திலேயே பாருங்கள், 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த அரவிந்தர், அதற்கு மூன்று வருஷம் முன்பு கல்கத்தாவில் பத்திரிகை நடத்தும்போதே சாத்வீக எதிர்ப்பு பற்றித் தொடர் கட்டுரை எழுதியிருந்தார்.

காந்தி செய்த பெரிய காரியம், அதை ஒரு தனி மனிதரின் மனசாட்சியிலிருந்து எடுத்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்கிற வேலையாக மாற்றியது. அதைத் தென்னாப்பிரிக்காவில் அவரோடு சேர்ந்து செய்து பார்த்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள்மேல் 3 பவுண்டு தலைவரி இருந்தது. 1913இல் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரியில் இறந்துபோனார். 16 வயது. அந்த வருஷமே தலைவரி நீக்கப்பட்டது. தில்லையாடி நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம்தான்.

"ஒரு பிடி உப்பை அள்ளுனா வெள்ளைக்காரன் ஏன் பயப்படணும்? எனக்கு இது புரியவே இல்ல."

கேட்டவர் மீன் உலர்த்தும் தொழில் செய்கிற அம்மா. தினமும் உப்போடு புழங்குபவருக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம். உப்பு வரி அரசின் வருமானத்தில் சின்னப் பங்குதான். 1930 மார்ச் 12ஆம் தேதி 78 பேரோடு காந்தி கிளம்பியபோது பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு. பணக்காரர், ஏழை, இந்து, முஸ்லிம் எல்லோர் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. கடற்கரையில் வெயில் காய்ச்சித் தருவதை அள்ளினால் குற்றம் என்பது எந்தப் படிப்பும் இல்லாதவருக்கும் அநியாயமாகத் தெரியும். அதை மீற துப்பாக்கி வேண்டாம், பணம் வேண்டாம், கை இருந்தால் போதும்.

அரசு இப்போது என்ன செய்யும்? விட்டால் சட்டத்துக்கு மரியாதை போச்சு. பிடித்தால், ஒரு கைப்பிடி உப்புக்காகக் கிழவியைப் பிடித்தான் என்று ஊர் முழுக்கப் பேசும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நஷ்டம். அந்த வருஷம் அறுபதாயிரம் பேர்வரை சிறைக்குப் போனார்கள். சிறைக்குப் பயந்தால்தான் சட்டத்துக்குப் பலம். பயம் போன இடத்தில் சிறைச்சாலை வெறும் கட்டடம்.

நம் பக்கத்தில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். ராஜாஜி 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், நடப்பவர்களைத் தொடாமல் ஊர்க்காரர்களைக் குறிவைத்தார். இவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று உத்தரவு. சித்திரை வெயில். சோறும் தண்ணீரும் இல்லாவிட்டால் தானாகத் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு. ஊர்க்காரர்கள் யாரும் எதிர்த்துக் கோஷம் போடவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடந்து வந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு நடந்தார்கள். கட்டியது யார் என்று எந்தப் போலீஸ் கண்டுபிடிக்கும்?

இங்கே ஒருத்தர் குறுக்கிட்டு, "மறைக்காமல் செய்வதுதான் சட்டமறுப்பு என்றீர்கள், இது மறைவாகச் செய்ததாச்சே?" என்று கேட்டார். சரியான கேள்வி. கண்டிப்பாகப் பார்த்தால் இது சட்டமறுப்புக்குள் வராது. ஆனால் அந்தப் பொட்டலங்கள் இல்லாமல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளப்பட்டிருக்காது. முன்னால் நடக்கிற நூறு பேரைவிட, வேடிக்கை பார்க்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன்.

"அப்ப உப்பு வரி போயிடுச்சா?"

உடனே போகவில்லை. 1931 மார்ச் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் கடலோரத்து மக்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். வரி முழுசாக ஒழிந்தது 1947இல், இடைக்கால அரசு வந்த பிறகு. பதினேழு வருஷம். போராடியவர்களில் எத்தனையோ பேர் அதைப் பார்க்க இருந்திருக்க மாட்டார்கள்.

நீக்கச் சொன்ன சட்டம் அப்படியே நிற்க, கேட்காத ஒன்று மாறியிருந்தது. வைஸ்ராய் காந்தியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துப் பேசி ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்திருந்தார்கள். அரசியல் மாற்றம் என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

"நம்ம கடலூர்ல யாரு இருந்தாங்க? எல்லாக் கதையும் குஜராத்துலயே நடக்குதே."

முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் என்பவருக்கு சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றச் சொல்லி 1927இல் நடந்த சத்தியாகிரகத்தில் அஞ்சலையம்மாள் சின்னப் பெண்ணாக இருந்த தன் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போய்க் கைதானார். அந்த மகளுக்கு லீலாவதி என்று பெயர் மாற்றியவர் காந்தி. பிறகு ஒருமுறை சிறையில் இருந்தபோது அஞ்சலையம்மாள் நிறைமாதம். பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். பெற்றெடுத்த கையோடு பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பேர் வந்தது. 1937இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிலையை ராஜாஜி அரசு அகற்றியதும் அதே வருஷம். எந்தச் சட்டத்தை மீறி உள்ளே போனாரோ அந்தச் சட்டம் இயற்றும் சபையிலேயே பத்து வருஷத்தில் போய் உட்கார்ந்தார்.

"பாரதியே எழுதிக் கொடுத்துட்டுதானே கடலூர் ஜெயில்லேருந்து வெளிய வந்தாரு?"

ஆமாம். பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்துவிட்டு 1918 நவம்பர் 20ஆம் தேதி பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கைதானார். 24 நாள் கடலூர் சிறை. எங்கே வசிப்பது, என்ன எழுதுவது என்பதில் நிபந்தனைகளை ஏற்ற பிறகு டிசம்பர் 14ஆம் தேதி விட்டார்கள்.

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அவரைக் குறைத்துக் காட்டத்தான் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பும் கையிருப்பும் தேய்ந்து, மனைவி மக்களோடு இருந்த மனிதர். எல்லோரும் எல்லா நேரத்திலும் முழுத் தண்டனையையும் தாங்கியே ஆக வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

"பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரன்தானே ஆண்டான், அங்க இதெல்லாம் நடந்துச்சா?"

நடந்தது. 1936இல் புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் வேலைநிறுத்தம் செய்து, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். தலைவர் வ. சுப்பையா. ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலையில் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். பிரான்சில் அப்போது இடதுசாரிக் கூட்டணி ஆட்சி. இங்கே தொழிலாளர்களைச் சுட்டது அங்கே பெரிய தலைகுனிவு. அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் வந்தன. ஜூலை 30 இன்றும் அங்கே தியாகிகள் தினம்.

அடக்குகிறவருக்கு வெட்கப்பட ஒரு சபை எங்காவது இருக்க வேண்டும் என்பதை இதில் பார்க்கலாம். லண்டனில் பாராளுமன்றம் இருந்தது, பாரிசிலும் இருந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஆட்சியிடம் இந்த வழி மிகவும் கஷ்டம். பின்னால் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில். ஓட்டுப் போட்ட மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. அந்த அறைக்குள் போட்ட ஓட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கான தெருப் போராட்டம் இருந்தது.

"அமைதியா ஆரம்பிச்சு வன்முறையில முடிஞ்சா, அதுக்கு யாரு பொறுப்பு?"

1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தை எரித்து 22 போலீஸ்காரர்கள் இறந்தபோது காந்தி இயக்கத்தையே நிறுத்தினார். கூட இருந்தவர்களுக்கே அது பிடிக்கவில்லை. கூட்டியவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் எடுத்த நிலை. அது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஆறாத காயங்கள் உண்டு. 1965 ஜனவரி 27ஆம் தேதி அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்த வருஷத்து இந்தி எதிர்ப்பில் மாணவர்களின் அமைதி ஊர்வலமும் இருந்தது, தீவைப்பும் இருந்தது. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த வன்னியர் சங்கச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. அதே நாட்களில் மரங்கள் வெட்டப்பட்டன, தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன. கோரிக்கை நியாயம் என்று சொல்லி அந்தக் குடிசைகளை மறந்துவிடக் கூடாது, குடிசைகளைக் காட்டிக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது. அந்த நாட்களில் இரண்டு பக்கமும் இருந்தவர்களின் பிள்ளைகள் எங்கள் வட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறார்கள். அன்றைக்குப் பேசியது போல் வேறெந்த நாளும் நாங்கள் பேசியதில்லை.

"ஆளைத் தொடல, பொருளைத்தான் உடைச்சோம்னா?"

நீல் சிலைப் போராட்டத்திலேயே உளியும் சுத்தியலும் கோடாலியும் இருந்தன, எனவே கைகழுவிவிட்டுப் போக முடியாத கேள்வி. என் கருத்து இது: எதை எதிர்க்கிறோமோ அந்தப் பொருளையே, பேரைச் சொல்லித் தொட்டுவிட்டு நின்றால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடினால் எதுவும் இல்லை. அந்தக் கண்ணாடிக்கும் கோரிக்கைக்கும் சம்பந்தமில்லை, உடைத்தவருக்குப் பேரும் இல்லை.

"இப்ப நம்ம ஆட்சி. ஓட்டு இருக்கு, கோர்ட் இருக்கு. அம்பேத்கரே வேணாம்னாரே?"

சொன்னார். 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது சட்டமறுப்பும் சத்தியாகிரகமும் அராஜகத்தின் இலக்கணம் என்றார். அந்தப் பேச்சை முழுசாகப் படியுங்கள். சட்ட வழி இல்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது என்கிறார். சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவம் வராவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றும் அதே பேச்சில் எச்சரிக்கிறார்.

ஆகவே நான் கேட்பது: மனு கொடுத்தாயா, தகவல் உரிமையில் கேட்டாயா, வழக்குப் போட்டாயா, எத்தனை வருஷம் காத்திருந்தாய்? இதையெல்லாம் செய்து பார்த்தவர் மறியலில் உட்கார்ந்தால் அது கடைசி வழி. முதல் நாளே உட்கார்ந்தால் அம்பேத்கர் சொன்னது அவருக்குப் பொருந்தும்.

"கைதானா என்ன ஆகும்? வேலைக்குப் போக முடியுமா?"

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருக் குழாயில் மாதக்கணக்கில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. மனு எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலை குடங்களோடு சாலையில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் வேன் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். பெண் காவலர் ஒருத்தர் நோட்டில் பேர், அப்பா பேர், வயது எழுதினார். மத்தியானம் எலுமிச்சை சாதப் பொட்டலம். என் பக்கத்தில் இருந்த பாட்டி அதைப் பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, பேரனுக்கு என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டார்கள்.

எல்லா முறையும் இப்படி முடியாது. தடை உத்தரவை மீறினால் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 223ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ 2,500 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். உயிருக்கு ஆபத்து ஏற்பட்டால் இன்னும் கூடும். காரணம் சொல்லித்தான் கைது செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இவை 22ஆம் பிரிவு தரும் உரிமைகள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு இருக்கிறதா என்று கேட்டால் மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய சிக்கலாகும். அரசு ஊழியர்களுக்கு விஷயம் இன்னும் கனமானது. 2003இல் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழ்நாடு அரசு ஒரேயடியாக நீக்கியது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலானவர்கள் பிறகு திரும்ப எடுக்கப்பட்டார்கள். ஆனால் அந்த ஒரு மாதம் அந்த வீடுகளில் எப்படி இருந்தது என்று அவர்களைக் கேளுங்கள்.

"காலையில கைது, சாயங்காலம் விடுதலை. இதனால என்ன மாறும்?"

தனியாக அதனால் ஒன்றும் மாறாது. தண்டனைக்குக் கனம் இருந்தால்தான் பார்க்கிறவர் மனசு அசையும். மண்டபத்தில் உட்காரவைத்து அனுப்புவது, அந்தக் கனத்தை எடுத்துவிட அரசுகள் கற்றுக்கொண்ட வழி. தார்ன் இதைச் செய்திருந்தால் ராஜாஜிக்குக் கஷ்டமாகியிருக்கும். எங்கள் தண்ணீர் விஷயத்திலும் குழாயை மாற்ற வைத்தது மறியல் இல்லை. மறுநாளிலிருந்து பதினோரு நாள், தினம் இரண்டு பெண்கள் அந்த மஞ்சள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்ததுதான். அதில் சட்ட மீறலே கிடையாது.

"ரோட்டை மறிச்சா ஆம்புலன்ஸ் மாட்டிக்குமே?"

மாட்டக் கூடாது. வழிவிட நாலு பேரை முன்கூட்டியே நிறுத்தாத மறியல் நடத்தக் கூடாத மறியல். பொதுவழியைக் காலவரையறை இல்லாமல் அடைத்து வைக்க முடியாது என்று 2020இல் டெல்லி ஷாஹீன் பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உப்பு அள்ளியவர் எதிர்த்த சட்டத்தையே மீறினார், சிரமப்பட்டது அவரும் அரசும். சாலை மறியலில் சிரமப்படுவது பஸ்ஸில் இருக்கும் கூலித் தொழிலாளி. நம் பக்கம் சாய வேண்டியவரையே கோபப்படுத்துகிறோம். இதனால்தான் சாலை மறியல் எனக்கு அவ்வளவாக உவப்பில்லை, நானே ஒருமுறை உட்கார்ந்தவன் என்றாலும்.

"தப்பான காரணத்துக்கும் சட்டத்தை மீறுவாங்களே? கோயிலுக்குள்ள விட மாட்டோம்னு உட்கார்றவங்களும் சத்தியாகிரகம்னு சொன்னா?"

வட்டத்தில் கேட்கப்பட்டதிலேயே கடினமான கேள்வி இது. வைக்கத்தில் 1924இல் கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்று கேட்டுப் போனார்கள். பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். அவர்கள் கேட்டது எல்லோருக்குமான வழி. வாசலை மறிப்பவர் கேட்பது அடுத்தவருக்கு இல்லாத வழி. முதல் பதிலில் சொன்ன மூன்றும் இவரிடம் இருந்தாலும்கூட, தான் கேட்பதை எதிரே நிற்பவருக்கும் தர இவர் தயாரில்லை. அங்கேயே அது சத்தியாகிரகம் என்ற பேரை இழந்துவிடுகிறது.

"எத்தனை பேர் வந்தா ஜெயிக்கும்?"

1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 இயக்கங்களை எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வன்முறையற்றவற்றில் பாதிக்கு மேல் வென்றிருந்தன, ஆயுதம் எடுத்தவற்றில் கால்வாசிதான். மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் இறங்கினால் தோற்பது அரிது என்ற கணக்கும் அங்கிருந்து வந்தது. அதைச் சூத்திரமாக எடுக்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். 2010க்குப் பிறகு வெற்றி குறைந்தும் வருகிறது. கூட்டம் செல்போனில் ஒரு ராத்திரியில் சேர்ந்துவிடுகிறது, சேர்ந்தது நிலைப்பதில்லை.

"நான் மறியலுக்கெல்லாம் போற ஆள் இல்ல. வீட்ல விட மாட்டாங்க. என்னால என்ன ஆகும்?"

ஒரு கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டது. மரத்தில் கட்டிய பொட்டலங்களை மறுபடி நினைத்துக்கொள்ளம்மா என்றேன். 2017 ஜனவரி 23ஆம் தேதி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு நடுக்குப்பம் மீனவர்கள் வீட்டுக்குள் இடம் கொடுத்தார்கள். அன்று அவர்களுடைய மீன் சந்தையே எரிந்துபோனது.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு சவரத் தொழிலாளி இருந்தார். உப்பு அள்ள வந்தவரும் இல்லை, ஊர்வலத்தில் நடந்தவரும் இல்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் மழித்த பிறகுதான், எதிரே உட்கார்ந்திருப்பவர் தொண்டர்களைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடித்து வைத்துவிட்டார். மீதியை மழித்தால் விட்டுவிடுகிறோம் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்களாம், மாட்டேன் என்று சிறைக்குப் போனார். அந்த ஊரில் அவர் பேருக்கு ஒரு தூண் இருக்கிறது. அந்தப் பெண் அதை செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு தன் தங்கையையும் கூட்டி வந்தாள்.